காதின் நோய்க்குக் கண்ணின் சாட்சியம்: வெஸ்டிபுலர் நியூரைட்டிஸ் பெயர்பெற்ற வரலாறு

உடல்நலத்தோடு நடமாடிக்கொண்டிருக்கும் ஒருவருக்குத் திடீரெனக் கடுமையான தலைச்சுற்றல் தொடங்கி, படுத்தாலும் எழுந்தாலும் விடாமல் ஒரு நாளுக்கு மேல் நீடித்து, வாந்தியும் நிலைகொள்ளாமையும் உடன் சேர்ந்துகொள்ள, காது மட்டும் முன்போலவே கேட்டுக்கொண்டிருக்குமானால், மருத்துவர்கள் முதலில் ஐயுறும் நோய்களுள் ஒன்று வெஸ்டிபுலர் நியூரைட்டிஸ் ஆகும். உட்செவியிலிருந்து உடலின் சமநிலை பற்றிய செய்தியை மூளைக்குக் கொண்டுசெல்லும் நரம்பில் ஏற்படும் அழற்சி, அதாவது வீக்கத்தோடு கூடிய புண்பாடு, என்பது இப்பெயரின் பொருள். இந்நோய் மனிதருக்குப் புதிதாக வந்ததன்று எனினும், மருத்துவ நூல்களில் தனி நோயாக அதற்கு இடம் கிடைத்து ஒரு நூற்றாண்டுக்குச் சற்றே மிகுதியான காலமே கடந்துள்ளது. பாதிக்கப்படும் நரம்பு மண்டையோட்டின் மிகக் கடினமான எலும்புக்குள் புதைந்து கிடப்பதும், நோய் யாரையும் கொல்லாததால் பிணக்கூறாய்வு மேசைக்குச் சான்று வந்து சேராததும் இத்தாமதத்தின் இரு பெருங்காரணங்கள். காதுக்குள் நிகழ்வதைக் காண வழியற்றிருந்த ஆய்வாளர்கள் இறுதியில் நம்பியது நோயாளியின் கண்ணை. இந்நோயின் வரலாற்றைக் கண்ணைப் படிக்கக் கற்றுக்கொண்ட வரலாறு என்றே கூறலாம்.

பழைய மருத்துவ மரபுகள் தலைச்சுற்றலை நன்கு அறிந்திருந்தன. ஆனால் அதன் இருப்பிடத்தை வேறெங்கோ தேடின. கிரேக்க மருத்துவ மரபு அதை மூளையின் கோளாறாகவும், வயிற்றிலிருந்து தலைக்கு ஏறும் தீய நீர்களின் விளைவாகவும் கருதியது. ஆயுர்வேதம் 'பிரமம்' என்று பெயரிட்டுப் பித்தத்தையும் வாதத்தையும் காரணமாகக் காட்டியது. தமிழர் வழக்கில் பித்தம் தலைக்கேறிவிட்டது என்னும் தொடர் இன்றும் உயிரோடிருப்பதும், கிறுகிறுப்பு என்றவுடன் இஞ்சியையும் எலுமிச்சையையும் தேடும் பழக்கம் வீடுகளில் நிலைத்திருப்பதும் இச்சிந்தனையின் எச்சங்களே. தமிழில் 'மயக்கம்' என்னும் ஒரே சொல் நினைவிழந்து சாய்வதையும், நினைவோடு இருக்கும்போதே சுற்றுப்புறம் சுழல்வதையும் ஒருங்கே குறிப்பதால், நோயாளி சொல்வது எதுவென்று பிரித்தறிய மருத்துவர் மேலும் சில கேள்விகள் கேட்க வேண்டியுள்ளது. இவ்விளக்கங்கள் எவற்றின் மையத்திலும் காது இல்லை.

உடற்கூறியலாளர்கள் உட்செவியைக் கண்டறிந்த பின்னரும் இந்நிலை மாறவில்லை. 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியரான கப்ரியேலே ஃபலோப்பியோ, உட்செவியின் நத்தை வடிவப் பகுதிக்குக் காக்ளியா என்றும், வளைந்து வளைந்து செல்லும் எலும்பறைத் தொகுதிக்கு லேபிரிந்த் என்றும் பெயரிட்டார். பின்னது, உள்ளே நுழைந்தவர் வழிதெரியாது திகைக்கும் சுழல்வழி மாளிகையைக் குறிக்கும் கிரேக்கச் சொல். அத்தொகுதியின் நடுவறைக்கு வழங்கும் வெஸ்டிபுல் என்னும் பெயர் வீட்டின் நுழைவுக்கூடத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தமிழ் வீடுகளின் இடைகழியோடு ஒப்பிடத்தக்க இச்சொல்லே பின்னர் சமநிலை உறுப்பு முழுமைக்கும் அடைமொழியாயிற்று. 1789இல் பாவியா நகரத்துப் பேராசிரியர் அன்டோனியோ ஸ்கார்பா, எலும்புக் குழல்களுக்குள் நீர் நிறைந்த மென்சவ்வுக் குழல்கள் அமைந்திருப்பதை விரிவாக வரைந்து காட்டினார். சமநிலை நரம்பின் உயிரணுக்கள் கூடியிருக்கும் கணு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. ஒன்றுக்கொன்று ஏறத்தாழச் செங்குத்தாக அமைந்த மூன்று அரைவட்டக் குழல்களை இவ்வளவு துல்லியமாகக் கண்ட பிறகும், அவை ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்று அறிவதற்கானவை என்றே அறிஞர் பலர் எண்ணினர். காதுக்குள் இருப்பதெல்லாம் கேட்பதற்கே என்னும் முடிவு அவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது.

கண்ணின் சாட்சியம் இக்காலத்தில்தான் முதன்முதலாகப் பதிவாயிற்று. அமெரிக்காவின் சார்ல்ஸ்டனில் பிறந்து இலண்டனில் மருத்துவம் பார்த்த வில்லியம் சார்ல்ஸ் வெல்ஸ் 1792இல் வெளியிட்ட நூலில் மிக எளிய சோதனையொன்றை விவரித்தார். ஒளிமிக்க பொருளை உற்றுநோக்கினால் அதன் சாயல் சிறிது நேரம் விழித்திரையில் தங்கியிருக்கும். அச்சாயலோடு உடலைச் சுழற்றி நிறுத்தினால், கண்கள் அசையாதிருப்பதாக உணரும்போதே சாயல் பக்கவாட்டில் நகர்வது தெரியும். ஆகவே நகர்வது கண்தான் என்பது அவர் கண்ட உண்மை. சுழற்சிக்குப் பிந்தைய தலைச்சுற்றலும், மெல்ல ஒரு பக்கம் நகர்ந்து வெடுக்கென மறுபக்கம் திரும்பும் கண்ணசைவும் இணைபிரியாதவை என்று இச்சோதனை நிறுவியது. இவ்வசைவுக்கு நிஸ்டாக்மஸ் என்று பெயர். தூங்கி வழிபவரின் தலை மெல்லச் சாய்ந்து வெடுக்கென நிமிர்வதைப் போன்றிருப்பதால், உறக்கச் சடைவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே பெயராயிற்று. 1820களில் யான் புர்க்கிஞே சுழற்சித் தலைச்சுற்றலை மேலும் நுணுகி ஆராய்ந்து, தலையை எந்த நிலையில் வைத்துச் சுழல்கிறோமோ அதற்கேற்பவே பின்வரும் சுழற்சி உணர்வின் தளம் அமைகிறது என்று கண்டார். எனினும் காரணத்தை அவர் மூளையிலேயே தேடினார்.

அதே பத்தாண்டில் பாரிஸில் பியேர் ஃபுளுராங்ஸ் புறாக்களின் அரைவட்டக் குழல்களை அறுத்துப் பார்த்தபோது, பறவைகள் செவிடாகவில்லை. மாறாக, எந்தக் குழல் அறுக்கப்பட்டதோ அதன் தளத்திலேயே தலையை ஆட்டியும் சுழன்றும் தடுமாறின. விடை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், இக்குழல்கள் இயக்கத்தை உணரும் புலன் என்னும் முடிவுக்கு ஃபுளுராங்ஸ் வரவில்லை. அம்முடிவின் வாயிலைத் திறந்தவர் ஆய்வகத்தைச் சேராத ஒரு மருத்துவர்.

பாரிஸின் காது கேளாதோர் நிறுவனத்தில் 1838 முதல் மருத்துவராக இருந்த புரோஸ்பர் மெனியேர், 1861 சனவரி 8ஆம் நாள் மருத்துவக் கழகத்தின் முன் கட்டுரையொன்றைப் படித்தார். அன்றைய மருத்துவம் திடீர்த் தலைச்சுற்றலை மூளையில் குருதி தேங்குவதன் விளைவாகக் கொண்டு, குருதி வடித்தும் அட்டை விட்டும் நோயாளியை மேலும் தளர்வித்துக்கொண்டிருந்தது. மெனியேர், தலைச்சுற்றலோடு காதிரைச்சலும் கேட்புக்குறைவும் சேர்ந்து வருபவர்களைப் பல்லாண்டுகள் கவனித்தும், ஃபுளுராங்ஸின் புறாக்களை நினைவிற்கொண்டும், குற்றம் மூளையில் அன்று, உட்செவியில் என்று வாதிட்டார். குளிர்கால இரவில் வண்டியின் மேல்தட்டில் பயணம் செய்து, திடீரெனச் செவிடாகி, தலைச்சுற்றலும் வாந்தியுமாக ஐந்தாம் நாள் இறந்த இளம்பெண் ஒருத்தியின் உடலை ஆராய்ந்தபோது, அரைவட்டக் குழல்களில் குருதிநிறக் கசிவு இருந்ததையும், மூளையில் எக்கேடும் காணப்படாததையும் அவர் சான்றாகக் காட்டினார். அப்பெண்ணின் நோய், மெனியேரின் பெயரால் இன்று வழங்கும் நோயாக இருந்திருக்க முடியாது; அது குருதிப் புற்றுநோயாக இருந்திருக்கக்கூடும் என்பது பிற்கால அறிஞர் பலரின் கருத்து. சான்று பிழைபட்டிருந்தும் முடிவு சரியாக அமைந்துவிட்டது. கட்டுரையைப் படித்து ஓராண்டு நிறைந்த சில வாரங்களில், 1862 பிப்ரவரியில், மெனியேர் மறைந்தார்.

அவருடைய வெற்றியே அடுத்த அரை நூற்றாண்டுக்கு வேறொரு குழப்பத்தை விளைவித்தது. காதிலிருந்து எழும் தலைச்சுற்றல் என்றாலே மெனியேர் நோய் என்று எழுதும் வழக்கம் பரவியதால், கேட்புத்திறன் சிறிதும் குன்றாமல் ஒரே ஒரு முறை பெருஞ்சுழலாக வந்து போகும் நோய்க்குத் தனி இடம் இல்லாமற்போயிற்று. காது நன்றாகக் கேட்கும்போது காதில் நோய் என்று எவ்வாறு சொல்வது? இக்கேள்விக்கு விடை காண, கேட்டலும் சமநிலையும் ஒரே எலும்பறைத் தொகுதியில் குடியிருக்கும் இரு வேறு புலன்கள் என்பது முதலில் நிறுவப்பட வேண்டியிருந்தது.

1870இல் ஃபிரீட்ரிக் கோல்ட்ஸ் அரைவட்டக் குழல்களைச் சமநிலையின் உறுப்பு என்று வெளிப்படையாகவே கூறினார். 1873ஐ ஒட்டிய மிகக் குறுகிய காலத்தில், ஒருவரையொருவர் சாராமல் மூவர் ஒரே விளக்கத்தை வந்தடைந்தனர்: ஒலியை விஞ்சும் வேகத்துக்கு அளவுகோலாகத் தம் பெயர் நிலைத்துவிட்ட இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் மாக், பின்னாளில் ஃபிராய்டோடு சேர்ந்து ஹிஸ்டீரியா பற்றி நூல் எழுதிய வியன்னா மருத்துவர் யோசஃப் புரோயர், எடின்பரோவின் வேதியியலாளர் அலெக்சாண்டர் கிரம் பிரவுன். தலை திரும்பும்போது குழலுக்குள் இருக்கும் நீர் உடனே உடன்செல்லாமல் பின்தங்கி, அங்குள்ள உணர்மயிர்களை வளைக்கிறது; அவ்வளைவே திரும்புதல் என்னும் உணர்வாகிறது என்பது அவர்கள் விளக்கத்தின் சாரம். ஒரு கிண்ணத்து நீரில் துரும்பைப் போட்டுக் கிண்ணத்தை மட்டும் திருப்பினால் துரும்பு இடம்பெயராதிருப்பதைக் கண்டவர்க்கு இது எளிதில் விளங்கும். 1883இல் உருசியரான விளதீமிர் பெஹ்தெரெவ், விலங்கின் ஒரு பக்கத்து உட்செவியை நீக்கி, அது தேறிய பிறகு மறுபக்கத்தையும் நீக்கியபோது, இரண்டுமே இல்லாத நிலையிலும் கண்ணசைவு எதிர்த்திசையில் புதிதாகத் தோன்றுவதைக் கண்டார். இடைக்காலத்தில் மூளை இழப்பைச் சரிக்கட்டிக்கொண்டிருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

விலங்குகளில் அறிந்ததை உயிருள்ள மனிதரில், அதுவும் ஒரு காதுக்கு மட்டும், சோதிக்கும் வழியைத் தந்தவர் ராபர்ட் பாராணி. 1876இல் வியன்னாவில் பிறந்து, ஆடம் பொலிட்சரின் காதுநோய்ப் பிரிவில் பணியாற்றிய இவ்விளைஞர், சீழ் வடியும் காதுகளை நீர் பீய்ச்சிக் கழுவும்போது நோயாளிகளுக்குத் தலை சுற்றுவதையும், கண்கள் துடிப்பதையும் குறித்துவைத்து வந்தார். தம் வீட்டில் வெதுவெதுப்பான நீரால் கழுவும்போது சுற்றுவதில்லை என்றும், மருத்துவமனை நீர் குளிர்ந்திருப்பதே காரணம் என்றும் ஒரு நோயாளி கூறியதால் நீரைச் சூடாக்கச் சொன்னார். அடுத்த முறை நீர் மிகவும் சூடாக இருந்ததாலும் அதே நோயாளிக்குத் தலை சுற்றியது. ஆனால் கண்கள் இம்முறை எதிர்த்திசையில் துடித்தன. வெந்நீர்க் கொதிகலனில் அடிநீர் குளிர்ந்திருக்க மேல்நீர் கொதிப்பதை நினைவுகூர்ந்த பாராணி, சூடேறிய நீர் குழலுக்குள் மேலெழுவதும் குளிர்ந்த நீர் கீழிறங்குவதும் ஓட்டத்தை உண்டாக்குகின்றன என்று ஊகித்து, 1906இல் அச்சோதனையை முறைப்படுத்தி வெளியிட்டார். நோயாளியின் குறையைச் சலிப்பின்றிச் செவிமடுத்த மருத்துவர் ஒருவருக்கே இவ்வுண்மை வாய்த்தது என்பது இங்கே சிறப்பாகக் குறிக்கத்தக்கது. முதல் உலகப் போரில் படை மருத்துவராகச் சென்று உருசியரிடம் சிறைப்பட்டு, நடு ஆசியாவின் மெர்வ் முகாமில் இருந்தபோது, 1914ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு தமக்கு வழங்கப்பட்ட செய்தியை அவர் அறிந்தார். சுவீடன் இளவரசர் கார்லின் முயற்சியால் 1916இல் விடுதலை பெற்றுப் பின்னர் உப்சாலாவில் குடியேறினார். அவருடைய நீரோட்ட விளக்கம் முழுமையானதன்று என்பது 1983இல் ஸ்பேஸ்லேப் விண்கலத்தில், மேல் கீழ் என்ற வேறுபாடே அற்ற எடையின்மையிலும் இச்சோதனைக்குக் கண்கள் துடித்தபோது தெரியவந்தது; சோதனையின் பயனோ இதனால் சிறிதும் குறையவில்லை.

நலமான காதில் குளிர்ந்த நீரையோ சூடான நீரையோ விட்டால் கண்கள் துடிக்கும். சமநிலை உறுப்போ அதன் நரம்போ செயலிழந்த காதில் விட்டால் கண்கள் அமைதியாகக் கிடக்கும். கேட்புத்திறன் குன்றாத காதிலும் சமநிலைப் புலன் மட்டும் மடிந்திருக்கலாம் என்பதை இவ்வமைதியே காட்டிக்கொடுத்தது. சோதனை பிறந்த அதே வியன்னாவில், மூன்றே ஆண்டுகளில், 1909இல், எரிக் ரூட்டின் இத்தகைய நோயை விவரித்தார். 1924இல் சுவீடனின் கார்ல் ஓலோஃப் நிலேன், காது அறுவைக்கு நுண்ணோக்கியை முதன்முதலாகப் பயன்படுத்தியவர் என்று அறியப்படுபவர், அதற்கு வெஸ்டிபுலர் நியூரைட்டிஸ் என்று பெயரிட்டார். 1925இல் ஹெர்மன் ஃப்ரென்ட்ஸெல், தடித்த வில்லைகளும் உள்விளக்கும் கொண்ட கண்ணாடி ஒன்றை வடிவமைத்தார். உட்செவிக் கோளாற்றால் எழும் கண்துடிப்பை, பார்வையை ஒரு பொருளில் நிலைநிறுத்துவதன் மூலம் நோயாளி தம்மையறியாமலேயே அடக்கிவிட முடியும். இக்கண்ணாடியை அணிந்தவர் எதையும் தெளிவாகக் காண இயலாது, அவருடைய கண்ணையோ மருத்துவர் பெரிதாகக் காணலாம்.

1952இல் இலண்டனின் மார்கரெட் டிக்ஸும் சார்ல்ஸ் ஹால்பைக்கும் எழுதிய கட்டுரை இந்நோய்க்கு இன்றைய உருவத்தைத் தந்தது. அறுவை மருத்துவராகப் பயின்ற டிக்ஸ், போர்க்காலக் குண்டுவீச்சில் முகத்திலும் கண்ணிலும் காயமுற்று அத்துறையை விடநேர்ந்தவர். ஹால்பைக், 1942இல் ஃபிட்ஸ்ஜெரால்டோடு சேர்ந்து பாராணியின் சோதனையை உடல்வெப்பத்துக்கு ஏழு டிகிரி குறைந்த 30 டிகிரியிலும் ஏழு டிகிரி கூடிய 44 டிகிரியிலும் செய்யும் வகையில் அளவுபடுத்தியவர். கேட்புத்திறன் குன்றாதிருத்தல், காய்ச்சல் போன்ற தொற்றுக்குப் பின் நோய் வருதல், நீர்ச்சோதனையில் காது விடையளிக்காதிருத்தல் ஆகியவற்றைத் தொகுத்துரைத்த அவர்கள், கேடு நரம்பில் உள்ளதா, அது சென்று சேரும் மூளைத்தண்டின் கணுக்களில் உள்ளதா என்று வரையறுக்காமல், நரம்பணு அழற்சி என்று பொருள்படும் நியூரோனைட்டிஸ் என்னும் பெயரைத் தேர்ந்தனர். பாஸ்டனின் ஹெரால்ட் ஷூக்னெக்ட், கிடாமுராவோடு சேர்ந்து 1981இல் வெளியிட்ட ஆய்வே ஐயத்தைத் தீர்த்தது. வாழ்நாளில் இந்நோய்க்கு ஆளாகிப் பின்னர் வேறு காரணங்களால் இறந்தவர்களின் காதெலும்புகளை மெல்லிய சீவல்களாக்கிப் பார்த்தபோது, சமநிலை நரம்பு மெலிந்து சிதைந்திருந்ததும், அச்சிதைவு அக்கி நோயைப் போன்ற வைரஸ் தாக்குதலின் தடத்தை ஒத்திருந்ததும் தெரிந்தன. நிலேன் சூட்டிய பெயர் இவ்வாறு மீண்டும் நிலைபெற்றது.

உதட்டோரக் கொப்புளத்தை உண்டாக்கும் ஹெர்ப்பீஸ் வைரஸ், ஸ்கார்பாவின் நரம்புக் கணுவில் ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடந்து பின் விழித்தெழுவதே காரணம் என்பது இதன் வழிவந்த கருத்து. இறந்தோரின் நரம்புக் கணுக்களில் அவ்வைரஸின் மரபுப்பொருள் கிடைத்துள்ளது. ஆயினும் தலைச்சுற்றலுக்கு ஆளாகாதவர்களிடமும் அது கிடைப்பதால் இதனை முழு நிரூபணமாகக் கொள்ள இயலாது. 2004இல் மியூனிக் மருத்துவர்கள் 141 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வில், ஓராண்டு முடிவில் சமநிலைச் செயல்பாட்டின் மேம்பாடு வெற்று மாத்திரை பெற்றவர்களிடம் ஏறத்தாழ 40 விழுக்காடாகவும், ஸ்டீராய்டு பெற்றவர்களிடம் 62 விழுக்காடாகவும், வைரஸ் எதிர்ப்பு மருந்து மட்டும் பெற்றவர்களிடம் 36 விழுக்காடாகவும் இருந்தது. வைரஸ் மருந்தால் பயன் விளையாதது கோட்பாட்டைத் தகர்க்கவில்லை எனினும் தடுமாறச் செய்தது. எலும்புக்குள் நரம்பு செல்லும் வழி குறுகியது. வீங்கிய நரம்பு அங்கே நெரிபடுவதால்தான் கேடு முற்றுகிறது என்னும் விளக்கத்துக்கு இம்முடிவு இசைவாக உள்ளது.

இரு காதுகளின் நரம்புகளும் தலை அசையாதபோதும் ஓயாமல் சமமான துடிப்புகளை அனுப்பிக்கொண்டிருக்கின்றன. ஒரு பக்கம் ஓய்ந்தால், மறுபக்கத்தின் துடிப்பைத் தலை திரும்புவதாகவே மூளை கொள்கிறது. சில நாட்களில் சுழற்சி தணிவது பெரும்பாலும் நரம்பு தேறியதால் அன்று, பெஹ்தெரெவ் கண்ட சரிக்கட்டலால். இரண்டாம் உலகப் போரின்போது தலைக்காயமுற்றவர்களைத் தேற்றிய டெரன்ஸ் காதார்னும் குக்ஸியும், படுக்கையில் அசையாது கிடத்துவதே மருத்துவம் என்றிருந்த வழக்கைக் கைவிட்டு, கண்ணையும் தலையையும் வேண்டுமென்றே அசைப்பது, பந்தைக் கைமாற்றி எறிவது, கண்மூடி நடப்பது எனத் தலைச்சுற்றலைத் தேடிச்செல்லும் பயிற்சிகளை வகுத்தனர். குமட்டலை அடக்கும் மாத்திரைகளை முதல் சில நாட்களுக்கு மேல் நீட்டித்தால் மூளையின் இக்கற்றல் தடைப்படும் என்பதை மருத்துவ நூல்கள் நெடுங்காலமாக எழுதிவருகின்றன. அம்மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்குவோருக்கு இதை எடுத்துச்சொல்வார் இல்லாதது வருந்தத்தக்கது.

1988இல் சிட்னியின் மைக்கேல் ஹால்மாகியும் இயன் கர்தாய்ஸும் கண்ணைப் படிக்கும் இன்னொரு வழியைக் கண்டனர். மருத்துவரின் மூக்கையே நோயாளி நோக்கியிருக்கும்போது அவர் தலையை இரு கைகளாலும் பிடித்துச் சிறு தொலைவு வெடுக்கெனத் திருப்பினால், சமநிலை நரம்பு நலமாக உள்ளவரின் கண்கள் மூக்கை விட்டு விலகுவதில்லை. நரம்பு செயலிழந்த பக்கம் திருப்பினாலோ, கண்கள் தலையோடு சேர்ந்து போய், பின் ஒரு துள்ளலில் மூக்குக்குத் திரும்புகின்றன. நீரும் கருவியும் வேண்டாத இச்சோதனையின் மிகப் பெரிய பயன் 2009இல் வெளிப்பட்டது. சிறுமூளையிலும் மூளைத்தண்டிலும் ஏற்படும் பக்கவாதம் சில வேளைகளில் வெறும் தலைச்சுற்றலாகவே தொடங்கி, நரம்பழற்சியைப் போலவே தோன்றும். பக்கவாதத்துக்கு வாய்ப்பு மிகுந்த 101 பேரை ஆராய்ந்த கட்டாவும் அவர் குழுவினரும், தலைத்திருப்பல் சோதனையோடு கண்துடிப்பின் திசையையும் இரு கண்களின் மேல்கீழ்ப் பிறழ்வையும் சேர்த்துப் பயிற்சி பெற்றவர் பார்த்தால், மூளைக்கோளாற்றைத் தவறாமல் அறியலாம் என்று காட்டினர். அவர்கள் ஆராய்ந்த பக்கவாத நோயாளிகளுள் சிலரின் முதல் எம்.ஆர்.ஐ. படத்தில் கேடு தெரியவே இல்லை. இச்சோதனை, அறை முழுதும் சுழல்வதாகக் கூறிப் படுத்திருப்பவரிடமே செய்யப்படுகிறது. அவர் கண்கள் தலையோடு விலகித் துள்ளித் திரும்பினால், அது பெரும்பாலும் காதின் நோய். எப்பக்கம் திருப்பினாலும் சிறிதும் விலகாமல் மருத்துவரின் மூக்கிலேயே நிலைத்து நின்றால், பக்கவாதமா என்று உடனே ஆராயப்பட வேண்டியவர் அவர்.